கூடுதல் பாகங்கள் பூட்டிய பிக்கப்பை விற்கும்போது

இரட்டைக் கேபின் கொண்ட என் டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப்பை விற்க முடிவு செய்துவிட்டேன். இரும்பு முன் பம்பர், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச், எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்னார்க்கல், உயர்த்திய சஸ்பென்ஷன், பின்தொட்டிக்கு மேல் கேனோபி, இரண்டாம் பேட்டரி, பெரிய டயர்கள் என்று அதில் நான் பூட்டியவை ஏராளம். ஆனாலும் விளம்பரத்தில் அந்தப் பட்டியலுக்கு இரண்டாம் இடத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். முதலிடம் சர்வீஸ் பதிவுகளுக்கு. பூட்டிய பொருள்களுக்கு நான் செலவிட்ட தொகை முழுவதும் திரும்பி வராது என்பது எனக்குத் தெரியும். வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வாங்க வருபவர் தம் தேவைக்கு வண்டி வாங்குகிறாரே தவிர, என் விருப்பங்களுக்குச் செலவு ஈடுசெய்ய வருவதில்லை. அத்தோடு, கூடுதல் பாகம் ஒவ்வொன்றும் அவர் மனத்தில் ஓர் ஐயத்தையும் கிளப்பும். இவ்வளவும் பூட்டியவர் வண்டியை எப்படியெல்லாம் படுத்தியிருப்பாரோ என்பதுதான் அந்த ஐயம். அதை வாய்ப்பேச்சால் போக்க முடியாது. எந்தப் பாகம் எப்போது, யாரால், எப்படிப் பூட்டப்பட்டது, அதனால் வண்டியின் மற்ற உறுப்புகளுக்கு என்ன சுமை கூடியது, அந்தச் சுமைக்கு என்ன பரிகாரம் செய்யப்பட்டது என்பதைக் காகிதத்தில் காட்டினால்தான் போகும்.

சர்வீஸ் பதிவு என்றால் முத்திரை குத்திய கையேடு மட்டுமன்று. முத்திரையைப் பார்த்து வண்டி பட்டறைக்குள் போய்வந்ததை அறியலாம்; என்ன வேலை நடந்தது என்பதை ரசீதில்தான் அறிய முடியும். எஞ்சின் ஆயிலை எல்லோரும் மாற்றுகிறார்கள். முன், பின் டிஃபரன்ஷியல் (அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்வது) ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிப்பது) ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், டீசல் ஃபில்டர் ஆகியவற்றின் ரசீதுகள் கிலோமீட்டர் கணக்கோடு வரிசையாக இருக்கும் வண்டிகள் மிகக் குறைவு. நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப்பில் இவைதான் பேசும். நீர் தேங்கிய பாதைகளில் ஓடிய வண்டியின் டிஃபரன்ஷியலுக்குள் நீர் புகுந்தால் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். சூடேறிய கூடு நீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவும் மூச்சுக் குழாய் வழியாகவும் நீரை உள்ளிழுப்பதே இதற்குக் காரணம். மூச்சுக் குழாய்களை நீட்டி எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டியிருப்பதைப் படமெடுத்து விளம்பரத்தில் சேர்த்திருக்கிறேன். விலையுயர்ந்த வின்ச்சைவிட, செலவே இல்லாத அந்தக் குழாய்தான் விவரம் தெரிந்தவரின் கண்ணில் முதலில் படும்.

எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்பதையும் எழுதிவிட வேண்டும். 2015-இல் வெளிவந்த எட்டாம் தலைமுறை ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் எஞ்சினில் இருப்பது செயின். அதற்கு முந்தைய 3.0 லிட்டர் எஞ்சினில் இருந்தது பெல்ட். 1,50,000 கிலோமீட்டரில் அதை மாற்ற வேண்டும். பெல்ட் உள்ள வண்டியை விற்பவர், அந்தக் கெடு நெருங்கியிருந்தால் மாற்றிவிட்டு விற்பதே நல்லது. மாற்றாமல் விலையைக் குறைப்பதாகச் சொன்னால், வாங்குபவர் அந்த ஒரு வேலைக்கு மட்டும் கழிக்கமாட்டார். வேறு எவையெல்லாம் தள்ளிப்போடப்பட்டனவோ என்ற அச்சத்துக்கும் சேர்த்துக் கழிப்பார்.

இனி, விற்பவர்கள் பெரும்பாலும் பேசாமல் விடுகிற ஒன்று: பெரிய டயர் பூட்டிய வண்டியின் ஓடோமீட்டர் காட்டுவது உண்மைக் கணக்கன்று. தொழிற்சாலையிலிருந்து வந்த டயரின் அளவு 265/65 ஆர் 17 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவரின் உயரம் அகலத்தின் விழுக்காட்டில், ரிம்மின் விட்டம் அங்குலத்தில்) என்று வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 285/70 ஆர் 17 போட்டால் விட்டம் 831 மில்லிமீட்டர் ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 7 விழுக்காடு கூடுதலாக நகர்கிறது. மீட்டரோ பழைய சுற்றளவையே கணக்கில் வைத்திருக்கிறது. பெரிய டயர் போட்ட பிறகு மீட்டர் 60,000 கிலோமீட்டர் கூட்டியிருந்தால், வண்டி உண்மையில் ஓடியது ஏறத்தாழ 64,200. மீட்டரைத் திருத்தும் கருவியைப் பூட்டியிருந்தாலோ, கணினியில் டயர் அளவை மாற்றியிருந்தாலோ இந்தக் குறை இராது. அப்போதும் எந்தக் கிலோமீட்டரில் திருத்தம் நடந்தது என்று சொல்ல வேண்டும். விட்டம் மாறிய வண்டியை விற்கும்போது, மீட்டர் கணக்கையும் உண்மைக் கணக்கையும் பக்கம்பக்கமாக எழுதுவதே முறை என்பது என் கருத்து. இப்படி எழுதினால் விலை குறையாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். குறையலாம். ஆனால் டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவை வாசித்து, கைப்பேசியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வாங்குபவர் கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொன்னால் அது தகவல். அவர் கண்டுபிடித்த பின் நான் சொன்னால் அது சமாளிப்பு.

இதே கணக்கு எரிபொருள் செலவிலும் நுழைகிறது. மீட்டர் குறைவாகக் காட்டுவதால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடும்போது வண்டி உள்ளதைவிட அதிகமாகக் குடிப்பதாகத் தோன்றும். பெரிய டயரின் எடையும் அகலமும் எரிபொருளைக் கூடுதலாகத்தான் கேட்கின்றன. ஆனால் காகிதத்தில் தெரியும் இழப்பு முழுவதும் உண்மையான இழப்பன்று. சர்வீஸ் இடைவெளியும் அவ்வாறே நீண்டுவிடுகிறது: மீட்டரில் 10,000 பார்த்து ஆயில் மாற்றியவர் 10,700-இல் மாற்றியிருக்கிறார். ஸ்டெப்னி டயரும் அதே அளவில் இருக்கிறதா, பின்தொட்டிக்கு அடியில் அதற்குரிய இடத்தில் அடங்குகிறதா என்பதையும் குறிப்பிட வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால், அந்த வேறுபாடு முழுவதும் டிஃபரன்ஷியலின் தலையில் விழும். டயர் எப்போது செய்யப்பட்டது என்பது ஓரத்தில் உள்ள நான்கிலக்க எண்ணில் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பள்ளம் ஆழமாகத் தெரிகிற டயராக இருந்தாலும் அந்த எண்ணைப் படமெடுத்துப் போட்டுவிடுங்கள்.

பலரும் தொடத் தயங்குகிற இன்னொரு விஷயம் எடை. பிக்கப் என்பதே சுமை ஏற்றத்தான். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து அதன் வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பது சுமைத்திறன். மொத்த எடை 3,000 கிலோ, வெற்று எடை 2,050 கிலோ என்று கொண்டால், 950 கிலோ மிஞ்சுகிறது. இரும்பு முன் பம்பருக்கு 60, வின்ச்சுக்கு 38, கேனோபிக்கு 70, பின்தொட்டியில் உள்ள இழுப்பறைகளுக்கு 60, இரண்டாம் பேட்டரிக்கு 28, அடித்தகட்டுக் காப்புக்கு 30 கிலோ என்று கூட்டினால் 286 கிலோ போய்விடுகிறது. ஐந்து பேர் ஏறி அமர்ந்த பிறகு பின்தொட்டியில் ஏற்றுவதற்கு எஞ்சுவது 300 கிலோவுக்குச் சற்று மேல்தான். பின் சஸ்பென்ஷனில் கனத்த கமான் பட்டையைப் போட்டுவிட்டால் இந்த வரம்பு கூடிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. வண்டியின் பின்புறம் தொங்காமல் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் சேஸிஸும் பழையவையே, ஆவணத்தில் உள்ள வரம்பும் பழையதே. முறைப்படி மறுசான்று பெற்றிருந்தால் மட்டும் கணக்கு வேறு.

ஆகவே நான் செய்தது இது: வண்டியை எடை மேடைக்கு ஓட்டிச் சென்று, முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் முழு வண்டியைச் சேர்த்தும் நிறுத்தி, மூன்று சீட்டுகளை வாங்கிவந்தேன். டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது என்பதைச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பம்பரும் வின்ச்சும் இரண்டாம் பேட்டரியும் முன் அச்சில்தான் உட்காருகின்றன என்பதால், அந்த அச்சின் வரம்பு எவ்வளவு, இப்போது அதன்மேல் இருப்பது எவ்வளவு என்பது வாங்குபவர் அறிய வேண்டிய எண். விளம்பரப் படங்களில் அழகான படம் எது என்று கேட்டால் வண்டியின் முகப்பைக் காட்டுவார்கள். பயனுள்ள படம் எது என்று கேட்டால் நான் இந்தச் சீட்டைக் காட்டுவேன்.

சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டி என்றால், எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது, எந்தச் சுமையை மனத்தில் வைத்துச் சுருள் வில்லும் கமான் பட்டையும் தேர்ந்தெடுக்கப்பட்டன என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். எப்போதும் பாரம் ஏற்றி ஓட்டுகிறவருக்கான பட்டை, வெறும் வண்டியில் முதுகை முறித்துவிடும். முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் தன்னிச்சை சஸ்பென்ஷனுள்ள பிக்கப்பை உயர்த்தும்போது, முன் சக்கரங்களுக்குச் செல்லும் டிரைவ் ஷாஃப்ட் முன்னைவிடக் கூடுதலாகச் சாய்கிறது. அந்தக் கோணம் கூடக் கூட அதன் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. கிழிசல் வழியே கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே போகிறது. காஸ்டர் கோணமும் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) குறைந்து, நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் நிலையற்று அலைகிறது. இதற்காகத்தான் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்றுகிறார்கள். மாற்றிய பிறகு எடுத்த அலைன்மென்ட் அச்சுப்படியில் காஸ்டர், கேம்பர், டோ ஆகிய மூன்று சக்கரக் கோணங்களும் வரம்புக்குள் இருப்பது தெரிந்தால், உயர்த்தும் வேலையைக் கைதேர்ந்தவர் செய்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. படம் எடுக்கும்போது ரப்பர் உறையைத் துடைக்காமல், இருக்கிறபடியே எடுங்கள். அதைச் சுற்றி கிரீஸ் தெறித்த கறை இல்லை என்பதுதானே காட்ட வேண்டிய விஷயம்!

ஒயரிங்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு அதிகம். நன்றாக ஓடும் வண்டியைத் தீயில் கொண்டுபோய் விடக்கூடியது இந்த ஒன்றுதான். வண்டியின் முன்மூடியைத் திறந்ததும் பேட்டரி முனையில் ஏழெட்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியிருந்தால், அந்த வண்டியை நான் வாங்கமாட்டேன். என் வண்டியை யாரும் அப்படிப் பார்க்கவும் விடமாட்டேன். இரண்டாம் பேட்டரிக்குச் செல்லும் தடித்த ஒயர், முதல் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வழியாகச் செல்ல வேண்டும். ஃபியூஸை மறுமுனையில் மட்டும் வைத்தால், இடையில் ஒயர் உரசித் தகட்டைத் தொடும்போது அது காப்பாற்றாது. மின்னோட்டம் ஃபியூஸை எட்டாமலேயே தகட்டுக்குள் பாயும். தகட்டைத் துளைத்துப் போகிற ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கணினியே ஏற்றி இறக்குவதால், வெறும் ரிலேவை வைத்து இணைத்த இரண்டாம் பேட்டரி முழுமையாக நிறையாது, அதற்கென்று மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் தேவை. எது பூட்டியிருக்கிறது என்பதை எழுதிவிடுங்கள். நான் ஒயரிங் படம் ஒன்றைக் கையால் வரைந்து, எந்த நிற ஒயர் எந்த ஃபியூஸுக்குப் போகிறது, எத்தனை ஆம்பியர் என்று குறித்து, மூடியின் உட்புறத்தில் உறைபோட்டு ஒட்டியிருக்கிறேன். வாங்குபவருக்கு மட்டுமன்றி, நாளை அந்த வண்டியைப் பழுதுபார்க்கப்போகிற எலக்ட்ரீஷியனுக்கும் அது உதவும்.

எஞ்சினைத் தொட்ட மாற்றங்களைப் பற்றி ஒளிவுமறைவே கூடாது. எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ.-வை ரீமேப் செய்து, அதாவது அதன் மென்பொருளை மாற்றி, இழுவையைக் கூட்டியிருந்தால், அந்தக் கூடுதல் முறுக்கு கிளட்ச்சையும் கியர்பாக்ஸையும் தாண்டித்தான் சக்கரத்துக்குப் போயிருக்கும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றித் தர முடியுமானால் ஏற்றிவிட்டே விற்கலாம். அப்போதும் ரீமேப்போடு ஓடிய காலத்தைச் சொல்லத்தான் வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப்.-ஐயோ, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர்.-ஐயோ எடுத்துவிட்ட வண்டி பல நாடுகளில் சாலைக்கே தகுதியற்றது. அப்படிப்பட்ட வண்டியை மேம்படுத்தப்பட்டது என்ற பெயரில் விற்பவர், பிறருடைய அபராதத்தைத் தம் விலையில் சேர்த்து விற்கிறார். ஸ்னார்க்கல் அவ்வளவு சிக்கலானதன்று. ஆனால் பக்கத் தகட்டைத் துளைத்துப் பூட்டியது என்பதால், கழற்றினால் துளை மிஞ்சும். காற்றுப் பெட்டி வரை ஒவ்வோர் இணைப்பும் கசிவின்றி இறுகியிருக்கிறதா, ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறதா என்பதே கேள்வி. ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பிந்தைய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டுங்கள். துணியில் மண்தூள் ஒட்டாவிட்டால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகவில்லை.

எதைக் கழற்றித் தனியாக விற்பது, எதை வண்டியோடு விடுவது என்பதில் என் தீர்மானம் எளியது. துளைபோட்டோ வெட்டியோ பூட்டியவையும், கழற்றினால் வண்டியின் சமநிலை மாறுகிறவையும் வண்டியோடு போகும். கூரைக் கூடாரம், குளிர்பெட்டி, வாக்கி டாக்கி போன்ற, நான்கு போல்ட்டில் நிற்பவை தனியாகப் போகும்; தனியாக விற்றால்தான் அவற்றுக்கு ஓரளவேனும் விலை கிடைக்கும். கழற்றி வைத்த பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், வீல்கள் இருந்தால் அவற்றைச் சேர்த்துக் கொடுப்பது, எவ்வித மாற்றமும் இல்லாத வண்டியைத் தேடி வருபவரையும் உள்ளே கொண்டுவரும்.

படங்களுக்கு வருவோம். கழுவ வேண்டியது மேற்பகுதியை, அடிப்பகுதியை அன்று. அழுத்த நீரால் கழுவி, கறுப்புப் பூச்சு பூசிய சேஸிஸைக் கண்டால் பழகியவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். துருவை மறைக்கவும் அதே பூச்சைத்தான் பயன்படுத்துகிறார்கள் அல்லவா! பின்தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் செருகியிருந்தால், அதைக் கழற்றி அடியில் உள்ள தகட்டைப் படமெடுக்க வேண்டும். லைனருக்கும் தகட்டுக்கும் நடுவே தங்கும் ஈரமும் மண்ணும், ஓட்டத்தின் அதிர்வில் தேய்த்துத் தேய்த்து வண்ணத்தை உரித்துவிடும். தெளித்து ஒட்டவைத்த லைனரில் அந்த இடைவெளி இல்லை. ஆனால் ஏற்கெனவே துருப்பிடித்த தகட்டின்மேல் தெளித்திருந்தால் அது வேறு கதை, தெளிப்பதற்கு முன் எடுத்த படம் இருந்தால் அதையும் சேர்க்கலாம். கீறலையும் நசுங்கலையும் பக்கத்தில் விரலை வைத்து அளவு தெரியும்படி எடுங்கள்.

பார்க்க வருகிறவரிடம், எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில் வந்து தாமே முதலில் ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிடுவேன். சூடான டீசல் எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். இன்ஜெக்டரின் தட்டலும் வெள்ளைப் புகையும் குளிரில்தான் தெரியும். நான்கு சக்கர இயக்கத்தைச் சோதிக்க வேண்டுமானால் சரளையிலோ மண் பாதையிலோ சோதிக்கட்டும். தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால், முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தொலைவைக் கடப்பதால் இணைப்பு முறுக்கிக்கொள்ளும். நல்ல டிரான்ஸ்ஃபர் கேஸும் கெட்டதுபோல் முரண்டு பிடிக்கும். அவருடைய மெக்கானிக்கை அழைத்து வந்து, வண்டியைத் தூக்கிப் பார்க்கட்டும், ஸ்கேனரைச் செருகிப் பார்க்கட்டும். வேண்டாம் என்று மறுக்க ஒரு காரணமும் எனக்கில்லை. அச்சுக்கு விசை கொண்டுபோகும் தண்டின் இணைப்பான யூ.ஜே. கிராஸில் சிறிய ஆட்டம் இருப்பதாக ஒருவர் சொன்னால் உடனே தர்க்கம் பண்ணாமல், அவரோடு கீழே படுத்து நானும் அசைத்துப் பார்ப்பேன்.

விலையைப் பொறுத்தவரை, அதே ஆண்டின், அதே கிலோமீட்டர் ஓடிய, மாற்றங்கள் ஏதுமில்லாத வண்டிகள் எவ்வளவுக்குப் போகின்றன என்பதே என் அடிப்படை. அதற்குமேல் நான் கேட்பது, ரசீதோடு கூடிய பாகங்களின் இன்றைய பழைய பொருள் மதிப்பில் ஒரு பகுதியை மட்டும். பெயர் தெரியாத வின்ச்சுக்கு இங்கே மதிப்பு ஏதுமில்லை. பெயருள்ள வின்ச்சுக்கும் கயிறு நைந்திருந்தால் மதிப்பில்லை. பாகங்களின் உத்தரவாதம் புதிய உரிமையாளருக்கு மாறுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், மாறக்கூடியவற்றைப் பேரத்தில் குறிப்பிடலாம்.

பதிவு ஆவணத்தில் ஏற்ற வேண்டிய மாற்றங்கள் அனைத்தும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அவை தெரிந்திருக்க வேண்டும். தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், வாங்குபவர் தம் பெயரில் காப்பீடு எடுக்கும்போது கொடுப்பதற்கு வசதியாகப் பாகங்களின் பட்டியலைத் தனித்தாளில் அச்சிட்டு வைத்திருக்கிறேன். பணம் கணக்கில் வந்து, உரிமை மாற்றப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு, விற்பனைத் தகவலைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிய பிறகே வண்டியை ஒப்படைப்பேன். இரண்டு சாவிகள், வின்ச்சின் ரிமோட், கேனோபியின் சாவி, கழற்றி வைத்த பழைய பாகங்கள் இவற்றோடு, வீல்களின் பூட்டு நட்டைக் கழற்றும் சிறிய சாக்கெட்டையும் மறக்காமல் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வழியில் டயர் பஞ்சரானால், புதிய உரிமையாளரால் அந்தச் சக்கரத்தைக் கழற்றவே முடியாது.